16 டாலருக்கு ஒரு கானகம்: பவுண்டரி வாட்டர்ஸ் அனுமதிச்சீட்டு ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியிருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் கானகப் பகுதிக்குள் இரவு தங்குவதற்கு அந்நாட்டு வனத்துறை ஓர் அனுமதிச்சீட்டு வழங்குகிறது. வயதுவந்தவருக்கு 16 டாலர், 17 வயது வரை உள்ளவர்களுக்கு 8 டாலர், முன்பதிவுக்குத் தனியாக 6 டாலர். உணவகத்துக்கும் விடுதிக்கும் எழுதுவதைப் போல ஓர் அரசுச் சீட்டுக்கு மதிப்பீடு எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். காசு கொடுத்து வாங்குகிறோம், மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்கிறோம், அதை நம்பிக் குடும்பத்தை அழைத்துச் செல்கிறோம். ஆகவே அது மதிப்பிடத் தகுந்த சேவைதான் என்பது என் கருத்து. மினியாபொலிஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, 'அங்கே என்ன வசதி இருக்கிறது?' என்பது. இந்த மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே அமையும்.

வசதி என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 1964 செப்டம்பர் 3 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கானகச் சட்டம், அதன்கீழ் அறிவிக்கப்பட்ட நிலங்களில் சாலை, கட்டடம், வணிகம், மோட்டார் வண்டி, இயந்திரக் கருவி, விமானம் தரையிறங்குதல் ஆகிய அனைத்தையும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்கிறது. பொதுமக்களுக்கு மட்டுமல்லாமல் அந்த நிலத்தை நிர்வகிக்கும் துறைக்கும் இந்தத் தடை பொருந்தும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. புயலில் பாதையின் குறுக்கே விழுந்த பைன் மரத்தை அப்புறப்படுத்த வரும் வனத்துறைப் பணியாளர்கள் மோட்டார் ரம்பம் கொண்டுவருவதில்லை. இருபுறமும் ஆள் நின்று இழுக்கும் நீண்ட கை ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். அப்படி அறுத்த மரம் ஒன்றின் வெட்டுமுகத்தை அருகே நின்று பார்த்தேன். பாதையில் ஒரு படகு நுழையும் அளவுக்கு நடுத்துண்டை மட்டும் எடுத்துவிட்டு, மீதி மரத்தை விழுந்த இடத்திலேயே மட்கவிட்டிருந்தார்கள். பயணிகளுக்குத் தேவையானது அந்த அகலம்தான், அதற்கு மேல் ஓர் அங்குலமும் எடுக்க வேண்டியதில்லை என்ற கணக்கு அந்த வெட்டில் தெரிந்தது. நான் கொடுத்த கட்டணம் எதற்குப் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த அறிவிப்புப் பலகையும் எனக்கு விளக்கியதில்லை. இத்தகைய பொழுதுபோக்குக் கட்டணங்களில் குறைந்தது 80 விழுக்காடு வசூலான இடத்திலேயே செலவிடப்பட வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதிக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி முன்பதிவு. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை குழுக்கள்தான் என்ற ஒதுக்கீடு உண்டு. சில நுழைவிடங்களில் அது ஓரிரு குழுக்களோடு முடிந்துவிடும். 2022இல் நெரிசல் மிகுந்த இடங்களில் ஒதுக்கீட்டை மேலும் குறைத்தார்கள். முன்பதிவு ஜனவரி மாதக் கடைசிப் புதன்கிழமை காலை 9 மணிக்கு அரசின் இணையதளத்தில் தொடங்கும். பெயர்பெற்ற நுழைவிடங்களில் கோடை வார இறுதிகளுக்கான இடங்கள் மிக விரைவாகத் தீர்ந்துவிடும். தேதியையும் நுழைவிடத்தையும் முன்பே முடிவுசெய்து, மாற்றாக இரண்டு தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டு அமர வேண்டும். குழுத் தலைவராக யார் பெயரில் பதிவாகிறதோ அவரோ, பதிவின்போதே குறிப்பிட்ட மாற்றுத் தலைவரோதான் அடையாள அட்டையுடன் நேரில் சென்று சீட்டைப் பெற முடியும். வேறொருவருக்கு அதைக் கைமாற்றித் தர இயலாது. நம்மவர்கள் பெரும்பாலும் ஒருவர் பெயரில் எல்லாருக்குமாகப் பதிவு செய்துவிட்டு, அந்த ஒருவருக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமல் போகும்போது திண்டாடுவார்கள். ஆகவே மாற்றுத் தலைவர் பெயர்களைக் கொடுக்க மறக்காதீர்கள்.

இந்த ஒதுக்கீட்டு முறையைக் குறைகூறுவோர் பலர் உண்டு. பொது நிலத்துக்குள் போகப் பொதுமக்கள் ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாட்டிலேயே மிக அதிகமானோர் வரும் கானகப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. சுமார் 11 லட்சம் ஏக்கர், 1,000க்கும் மேற்பட்ட ஏரிகள், ஏறத்தாழ 2,000 முகாமிடங்கள் இருந்தும், வழி எளிதான சில ஏரிகளில்தான் எல்லாரும் கூடுவார்கள். வாசலில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திவிட்டு உள்ளே போனவர்களை அவரவர் விருப்பப்படி விட்டுவிடுகிறார்கள். எந்த ஏரியில் எந்த இரவு தங்குவது என்பதை யாரும் விதிப்பதில்லை. காலியாக இருக்கும் முகாமிடம் முதலில் வந்தவருக்கு உரியது. ஓரிரவு தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் கட்டணம் ஒன்றுதான். இவ்வளவு சுதந்திரம் தரும் வேறோர் அரசுச் சேவை என் நினைவுக்கு வரவில்லை.

முகாமிடம் என்றால் என்ன என்பதையும் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் ஏமாற்றங்கள் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகின்றன. பாறைக்கரையிலிருந்து சற்று மேலே கூடாரம் அடிக்க ஏதுவான சிறு சமதளம், தரையில் பதித்த இரும்புக் கம்பித்தட்டு அடுப்பு ஒன்று, காட்டுக்குள் சிறிது தூரம் நடந்தால் சுவரோ கூரையோ இல்லாத ஒரு கழிப்பிடம். இவ்வளவுதான். குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, பெரும்பாலான இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞையும் இல்லை. ஏரி நீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. படகுகள் நான்கைத் தாண்டக் கூடாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகும் நம் வழக்கத்துக்கு இந்த ஒன்பது என்ற எண் இடிக்கும். இரண்டு சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரே இடத்தில் கூடிச் சமைக்கவும் விதி இடம் தராது.

உணவு விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, தகர டப்பாவில் அடைத்த உணவும் கண்ணாடிப் போத்தலும் உள்ளே கொண்டுபோகத் தடை என்பது. கடையில் வாங்கிய ஊறுகாய்ப் போத்தலை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போக முடியாது; மறுபடி பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவல், வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி ஆகியவை இந்தப் பயணத்துக்கென்றே அமைந்தவை போல எடை குறைந்தவை, கெடாதவை. ஆனால் பெருங்காயமும் நெய்யும் மணக்கும் உணவுப்பை கரடிக்கும் மணக்கும். உணவைத் தரையிலிருந்து 12 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அங்குள்ள ஆணை. வடக்கத்திக் காட்டில் ஆறடி நீண்டு பாரம் தாங்கும் கிளை எளிதில் அகப்படாது. இருட்டிய பிறகு கயிறெறிந்து தேடுவதைவிடப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே படகைத் தோளில் சுமந்து நடக்கும் வழியைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். அதன் நீளத்தை வரைபடங்கள் இன்றும் ராட் என்ற பழைய அளவில்தான் குறிக்கின்றன. ஒரு ராட் பதினாறரை அடி, கிட்டத்தட்ட ஒரு படகின் நீளம். கெவ்லர் என்ற இலகுவான செயற்கை இழையில் செய்த படகு சுமார் 20 கிலோ, அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும். பாறையும் வேரும் சேறுமாக இருக்கும் பாதையில் அந்த 10 கிலோ வேறுபாட்டைக் கழுத்தெலும்பு உணரும். கானகத்துக்கு அருகிலுள்ள ஈலி நகரில் படகும் கூடாரமும் வாடகைக்குத் தரும் கடைகள் பல உள்ளன. நான் எடுத்த ஒரு கடையில் தோளணையின் பஞ்சு நைந்துபோன படகைக் கொடுத்துவிட்டார்கள். முதல் போர்ட்டேஜிலேயே துண்டை மடித்து வைத்துச் சுமக்க நேர்ந்தது. கடையை விட்டுக் கிளம்பும் முன் படகைத் தலைக்கு மேல் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? இரண்டாவது போர்ட்டேஜைக் கடந்ததும் மோட்டார் ஒலி முற்றிலும் நின்றுபோகிறது. 1949இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணையால் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானங்கள் பறப்பதும் இங்கே கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்நாளில் பல நகரங்களிலிருந்து மீன்பிடிக்க நீர்விமானங்களில் வந்து குவிந்த கூட்டத்தை அந்த ஆணைதான் நிறுத்தியது. மாலையில் துடுப்பிலிருந்து சொட்டும் நீர் ஏரியில் விழும் ஒலி தனித்துக் கேட்கும். லூன் என்ற நீர்ப்பறவை கூவினால் எதிர்க்கரைப் பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்கு இன்னொரு லூன் பதில் கூவும். இரவு வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 2020இல் இப்பகுதி பன்னாட்டு இருள்வானச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதே போதும். நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பால்வீதியை முதன்முதலாகப் பார்த்துவிட்டு அதை மேகம் என்று நினைக்கும் இடம் இது.

எல்லா ஏரிகளும் அப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பகுதியில் மோட்டார் படகுக்கும் மரம் வெட்டலுக்கும் இடம் விட்டுவைத்திருந்தது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட தனிச் சட்டம் மரம் வெட்டலை முடிவுக்குக் கொண்டுவந்து மோட்டாரைச் சில ஏரிகளுக்குள் சுருக்கியது. மூஸ் ஏரி போன்றவற்றில் 25 குதிரைத்திறன் வரையிலான மோட்டார் இன்றும் ஓடுகிறது. அமைதியை எண்ணிப் போகிறவர்கள் நுழைவிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பார்க்காமல் விட்டால் ஏமாந்து போவார்கள்.

அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கும் வலிக்காமல் வந்துவிடவில்லை. இந்தக் காட்டைக் காக்கப் பல்லாண்டுகள் பாடுபட்ட ஈலி நகரத்து எழுத்தாளர் சிகர்ட் ஓல்சன், 1977இல் தம் சொந்த ஊரில் நடந்த விசாரணைக் கூட்டத்தில் கூச்சலுக்கும் ஏச்சுக்கும் இடையேதான் பேச முடிந்தது. அவருடைய கொடும்பாவி அங்கே தொங்கவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஏரிக்கரைகளில் விடுதி நடத்தியவர்களின் நிலத்தை 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அரசு வாங்கத் தொடங்கியிருந்தது. தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. நைஃப் ஏரியின் தீவொன்றில் வாழ்ந்து, கடந்து செல்லும் துடுப்புக்காரர்களுக்குத் தம் கையால் தயாரித்த ரூட் பியர் என்ற மதுவற்ற பானம் கொடுத்துவந்த டோரதி மோல்ட்டர் என்ற அம்மையாருக்கு, மக்கள் திரண்டு கேட்டுக்கொண்டதன் பேரில், வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. 1986இல் அவர் இறந்தபின் அவருடைய மரக்குடில்களைப் பிரித்து ஈலிக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சீட்டு வாங்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இந்தக் கானகம் ஆளே இல்லாமல் கிடந்த இடம் என்ற எண்ணம் அங்கே மாறும். அவர்களுக்கெல்லாம் முன்பே ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் இந்நீர்வழிகளில் பயணித்து ஏரிகளில் காட்டரிசி சேகரித்தவர்கள். 1854ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் வேட்டையாடும், மீன்பிடிக்கும், சேகரிக்கும் உரிமைகளை அவர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். ஹெக்மன் ஏரியின் செங்குத்துப் பாறையில் மூஸ் மானும் மனித உருவும் செந்நிறத்தில் தீட்டப்பட்டிருப்பதைப் படகிலிருந்தபடியே காணலாம். தொட்டுப் பார்க்க ஆசைப்படக் கூடாது.

சேவையின் தரத்தில் நான் முதன்மையாகக் கருதுவது, தலையிடாமல் இருக்கும் துணிவு. 2011 ஆகஸ்டில் மின்னலால் தொடங்கிய பகாமி ஓடைத் தீ, சிறியதாக இருந்தவரை கண்காணிப்பில் விடப்பட்டு, பின்னர் காற்று மாறியதும் கட்டுக்கடங்காமல் 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த முடிவை அன்று பலரும் கண்டித்தார்கள். துடுப்புக்காரர்கள் உயிருக்கு அஞ்சி ஓட நேர்ந்த நிகழ்வு அது என்பதால் கண்டனம் இயல்பானதே. ஆயினும் ஜாக் பைன் மரத்தின் மூடிய காய்கள் தீயின் வெப்பத்தில்தான் திறந்து விதையை உதிர்க்கும். அந்தத் தீ பரவிய லேக் த்ரீ என்ற ஏரியின் பக்கம் போகிறவர்கள் கருகி நிற்கும் பழைய தண்டுகளுக்கு நடுவே ஒரே வயதுடைய இளமரங்கள் நெருக்கமாக எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். யாரும் நட்டு வளர்த்தவை அல்ல அவை.

மதிப்பெண் குறைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது சீட்டைத் தரும் அலுவலர்களின் பிழையன்று. சட்டம் வரைந்த எல்லையின் பிழை. கவிஷிவி ஆறு கானகத்துக்குள் ஏரி ஏரியாகப் பாய்ந்து லேக் ஒன்னுக்கு அப்பால் இரண்டாகப் பிரிகிறது. அதன் தென்கிளை எல்லையைத் தாண்டி வெளியே வந்து பர்ச் ஏரியில் கலந்து, ஒயிட் அயர்ன் ஏரி வழியே மறுபடியும் கானகத்தின் விளிம்பிலுள்ள ஃபால் ஏரிக்குள் நுழைகிறது. அங்கிருந்து பாஸ்வுட் ஏரிக்கும் கனடாவின் க்வெட்டிகோ பூங்காவுக்கும் செல்வதும் அதே நீர்தான். இடையில் வெளியே இருக்கும் அந்தத் துண்டில், பர்ச் ஏரியருகே, சிலி நாட்டு அன்டோஃபகஸ்டா குழுமத்தின் ட்வின் மெட்டல்ஸ் நிறுவனம் செம்பும் நிக்கலும் எடுக்கச் சுரங்கம் அமைக்க முயல்கிறது. அங்கே உலோகம் கந்தகத்தோடு பிணைந்த தாதுவாக இருக்கிறது. தோண்டி வெளியே போட்ட கந்தகப் பாறையில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அப்போது நீரில் சேரும் சல்ஃபேட் என்ற கந்தகச் சேர்மம், காட்டரிசி வளரும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மினசோட்டா 1973ஆம் ஆண்டிலேயே வரம்பு வைத்த மாநிலம்.

கானகத்துக்குள் சுரங்கம் கூடாது என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதை மாற்ற நாடாளுமன்றமே மறுபடி சட்டம் இயற்ற வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ள பர்ச் ஏரிப் பகுதிக்கு அந்தக் கவசம் இல்லை. ட்வின் மெட்டல்ஸின் சுரங்கக் குத்தகையைப் புதுப்பிக்க 2016இல் அரசு மறுத்தது, 2019இல் புதுப்பித்தது, 2022இல் ரத்து செய்தது. 2023 ஜனவரியில் அன்றைய உள்துறை அமைச்சர் டெப் ஹாலண்ட் நீர்ப்பிடிப்புப் பகுதியின் சுமார் 2,25,000 ஏக்கரில் 20 ஆண்டுகளுக்குப் புதிய சுரங்கக் குத்தகை கூடாது என்று ஆணையிட்டார். அதைத் திரும்பப் பெறச் செய்யும் முயற்சிகளும் உடனடியாகத் தொடங்கிவிட்டன. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் ஆணைகளை நம்பியே ஒரு நீர்வழி முழுவதும் இருந்துவந்திருக்கிறது. இந்நிலத்தைக் கானகமாக அறிவித்தவர்கள் கரையை அளந்து எல்லை வகுத்தார்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அளந்து வகுத்திருந்தால் இந்தப் போராட்டமே தேவைப்பட்டிருக்காது. நிலத்தைக் கானகமாக அறிவிப்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு என்பதால்தான், அந்த அறிவிப்பு தென்கவிஷிவியின் நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் நீள வேண்டும் என்று கருதுகிறேன். இந்த ஒரு காரணத்துக்காக ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருகிறேன்.

யாருக்கு இந்தச் சீட்டைப் பரிந்துரைப்பேன்? நீச்சல் தெரிந்து, உயிர்காப்பு உடுப்பைக் கழற்றாமல் இருக்கும் பொறுமையுள்ள எவருக்கும். சக்கர நாற்காலி இயந்திரப் போக்குவரத்துத் தடையில் சேராது என்று 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் தெளிவுபடுத்தியிருந்தாலும், போர்ட்டேஜ் பாதைகளின் பாறையும் சேறும் அதற்கு ஏற்றவையல்ல. நடப்பதில் சிரமமுள்ள பெரியவர்களோடு செல்வோர் போர்ட்டேஜ் இல்லாமலே முகாமிடத்தை அடையக்கூடிய பெரிய ஏரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதன்முறை பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு லேக் ஒன் நுழைவிடம் ஏற்றது. லேக் டூவுக்குச் செல்லும் இரண்டு போர்ட்டேஜுகளும் குறுகியவை, ஆனால் ஏரியே தீவும் குடாவுமாக வளைந்து கிடப்பதால் வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்க வேண்டும். ஜூன் மாதத்தில் கொசுவும் கரும்பூச்சியும் பிள்ளைகளைப் படுத்திவிடும். ஆகஸ்டின் பிற்பகுதியில் பூச்சி குறைந்திருக்கும், நீர் குளிக்கத் தகுந்த அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இரவுக்குக் கம்பளி உடுப்பு எடுத்துச் செல்ல மட்டும் மறக்காதீர்கள்.